தூக்கத்தைப் பறித்துக்கொண்டு ஊருக்கு அனுப்பாதீர்கள்

2020 பிப்ரவரி 20. மகா சிவராத்திரிக்கு முதல் நாள், விடியற்காலை. பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்றுகொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தின் மீது, திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே, சாலை நடுத்தடுப்பைத் தாண்டி வந்த கன்டெய்னர் லாரி மோதியது. 19 பேர் இறந்தார்கள். டயர் வெடித்ததாகத்தான் முதலில் சொன்னார்கள். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்பது பிறகு விசாரணையில் தெரிந்தது. அகலமான சாலை, நடுவில் தடுப்பு, விலை உயர்ந்த பேருந்து எல்லாம் இருந்தன. லாரியை ஓட்டியவருக்குத் தூக்கம் மட்டும் கிடைத்திருக்கவில்லை.

அந்த விபத்திலிருந்து திருப்பூர் மாவட்டம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்த ஊர் தன் தொழிலாளர்களை அனுப்பிவைக்கும் விதமே அதற்குச் சாட்சி.

பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் பனியன் கம்பெனிகளில் நடப்பது ஊரறிந்த விஷயம். ஷிப்மென்ட் தேதி நெருக்கும். வழக்கமான ஒன்றரை ஷிப்ட் இரண்டாக நீளும். செக்கிங், அயர்னிங், பேக்கிங் பகுதிகளில் விடிய விடிய விளக்கெரியும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் பண்டிகைச் செலவை நினைத்துத் தாங்களாகவே எழுந்திருக்க மாட்டார்கள். போனஸ் கடைசி நேரத்தில்தான் கைக்கு வரும். வாங்கிய கையோடு குமரன் சாலையில் துணிமணி எடுத்து, பிள்ளைகளுக்குப் பட்டாசு வாங்கி, வீடு திரும்பி மூட்டை கட்டும்போது இரவு பத்து மணி ஆகியிருக்கும். கோவில்வழிப் பேருந்து நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. தென்மாவட்டப் பேருந்து வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு விழுந்துவிடும். பார்த்துச் சலித்த குடும்பத்தலைவர், "பைக்கிலேயே போயிடலாம்" என்கிறார். தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாக மதுரைக்கோ தேனிக்கோ நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒன்று, பின்னால் மனைவி, அவர் மடியில் பை. ஹெல்மெட் ஒன்றே ஒன்று.

இதில் ஓட்டுபவரின் தவறு இல்லையென்று நாம் சொல்லவில்லை. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பைக்கில் ஏற்றினால் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் கட்டாயம், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதியை மத்திய அரசு 2022இல் கொண்டுவந்தது. அந்தப் பட்டையைத் திருப்பூர்ச் சாலைகளில் காண்பதே அரிது. குடித்துவிட்டு ஓட்டுபவருக்கு நம்மிடம் ஒரு துளி இரக்கமும் கிடையாது. ஆனால் பதினைந்து நாளாகச் சரியாகத் தூங்காதவரை நள்ளிரவில் நெடுஞ்சாலைக்கு அனுப்பியது யார்? போலீஸ் அபராதச் சீட்டில் அந்தப் பெயர் ஒருபோதும் வருவதில்லை.

ஏற்றுமதி நிறுவனங்களைத்தான் கேட்கிறோம். உங்கள் தையல் கூடத்தில் ஓவர்லாக் மெஷினில் ஓர் ஊசி உடைந்தால் என்ன செய்கிறீர்கள்? எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதானே புது ஊசி தருகிறீர்கள்? ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அங்கே தைத்த துணியை முழுக்க ஒதுக்கிவைத்துச் சோதிக்கிறீர்கள். எங்கோ ஐரோப்பாவில் ஒரு குழந்தையின் தோலில் ஊசிமுனை குத்திவிடக் கூடாது என்ற அந்தக் கவனம் மிகச் சரியானது. அந்தத் துணியை உடுப்பாக்கிய தொழிலாளியின் குழந்தை அதே இரவில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போகிறதே, அதற்கு உங்களிடம் எந்தப் பதிவேடு இருக்கிறது?

வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்கிறது சட்டம். கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ் தரச் சொல்வதும் சட்டம்தான். அது கடைசிக் கெடு. அதுவரை காத்திருக்கச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே போனஸ் பட்டுவாடா முடிய வேண்டும். விடுமுறைக்கு முந்தைய இரண்டு நாள்கள் இரவு வேலை அறவே கூடாது. எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாலையில் கதவைச் சாத்தும் வழக்கம் ஒழிய வேண்டும். காங்கேயத்திலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி வேன்களும் பேருந்துகளும் விடுமுறையில் சும்மாதான் நிற்கின்றன. வேலைக்கு அழைத்துவர வண்டி உண்டு, ஊருக்கு அனுப்ப வண்டி இல்லை என்பது என்ன நியாயம்? உரிய அனுமதியோடு, மாற்று ஓட்டுநரோடு அவை திண்டுக்கல் வரையாவது ஓடட்டும்.

ஆம்னி பேருந்து உரிமையாளர்களுக்கும் இது பொருந்தும். ஓட்டுநரின் வேலை நேரம் நாளுக்கு எட்டு மணி என்று 1961இலேயே சட்டம் வந்துவிட்டது. பண்டிகை நாள்களில் போய் இறக்கிவிட்டு அப்படியே திரும்பி வரச் சொல்லும் பழக்கத்தைப் போக்குவரத்துத் துறை நிறுத்த வேண்டும். கட்டணத்தைச் சோதிக்கும் அதிகாரிகள் ஓட்டுநர் கடைசியாக எப்போது தூங்கினார் என்றும் கேட்க வேண்டும்.

சாலைக்கு வருவோம். 2025 மே மாதம் தாராபுரம் அருகே, பாலப் பணிக்குத் தோண்டிய பள்ளத்தில் இரவில் பைக்கோடு விழுந்து ஒரு தம்பதி இறந்தார்கள். கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்கள். மகள் படுகாயத்தோடு பிழைத்தாள். பாதுகாப்புத் தரத்தைப் புறக்கணிக்கும் ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இடம் தருகிறது. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே மாவட்டத்தில் தோண்டிக் கிடக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தடுப்பும் ஒளிரும் பலகையும் வைத்தாக வேண்டும். வைக்காதவர் மீது அந்தச் சட்டம் பாய வேண்டும்.

2022இல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் நடந்தது தமிழகத்தில்தான்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். அந்த ஆண்டு நாடு முழுவதும் சாலையில் மாண்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2021இல் தொடங்கியது, பாராட்டுகிறோம். ஆனால் அடிபட்ட பிறகு நீளும் கை, அடிபடாமல் தடுக்கவும் நீள வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் ஏற்றுமதியாளர் சங்கத்தையும் மற்ற உற்பத்தியாளர் சங்கங்களையும் தொழிற்சங்கங்களையும் போக்குவரத்துக் கழகத்தையும் உடனே ஒரே மேசைக்கு அழைக்க வேண்டும். எந்தக் கம்பெனி எந்தத் தேதியில் விடுமுறை விடுகிறது, அதன் ஆட்கள் எந்தப் பேருந்தில் போகிறார்கள் என்ற பட்டியல் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே வெளிவர வேண்டும். அந்தத் தேதிக்கு மாறாக இரவு வேலை வாங்கும் கம்பெனியின் வாசலில் தொழிலகப் பாதுகாப்புத் துறை அதிகாரி அன்றிரவே போய் நிற்க வேண்டும்.