மாடிப் போர்ஷன் காலியாக இருக்கிறது

வலியசாலை அண்டை வீட்டாருக்கு,

வாடகைக்கு இடம் தேடி வரும் திருநங்கைகளையும் திருநம்பிகளையும் வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, மறுநாளே "சொந்தக்காரர் வருகிறார்" என்று திருப்பிக் கொடுத்தது எங்களில் ஒருவர் வீட்டில்தான். அந்தக் கூச்சமும் இதில் உண்டு.

2015-ல் நாட்டிலேயே முதன்முதலாகத் திருநருக்கென்று கொள்கை அறிவித்தது நம் கேரளம். 2017-ல் கொச்சி மெட்ரோ, குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பு மூலம் அவர்களுக்கு வேலையும் கொடுத்தது. சில வாரங்களிலேயே சிலர் விட்டுப் போனார்கள். காரணம் வேலையல்ல; ராத்தங்க அறை கிடைக்கவில்லை.

அறை கேட்டுப் போகும்போது ஆணை விரும்பும் ஆணும், பெண்ணை விரும்பும் பெண்ணும் வேண்டுமானால் வாய்மூடி ஒளிந்துகொள்ளலாம். திருநங்கைக்குப் பெரும்பாலும் அந்த ஒளிவிடம் இல்லை; முதல் அடி அவள்மேல்தான். போராட்டக் களத்திலும் இதே கதைதான். 1969-ல் நியூயார்க்கில் ஒருபால் ஈர்ப்பினர் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் புகுந்ததும் வெடித்த கிளர்ச்சியின் பேச்சில் இன்றும் வரும் பெயர்களில் ஒன்று, திருநங்கை சில்வியா ரிவேரா. நான்கே ஆண்டுகளில் அந்தக் கிளர்ச்சியின் நினைவு விழா மேடையில் அவரைக் கூச்சலிட்டு அடக்கப் பார்த்தது சொந்தக் கூட்டம்! இங்கேயும் 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்தபோது எல்லோரும் சோர்ந்தார்கள். 2014 ஏப்ரலில் திருநர் உரிமை வழக்கில் வந்த தீர்ப்புதான் அடுத்த வெளிச்சம். 2018-ல் அந்தப் பிரிவு தளர்ந்தபோது நீதிபதிகள் அந்தத் தீர்ப்பையும் துணைக்கு அழைத்தார்கள்.

2019-ன் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, திருநர் என்பதற்காக வாடகை வீடு மறுப்பது பாகுபாடு. சட்டத்தைக் காட்டி யாரையும் பயமுறுத்த எங்களுக்கு விருப்பமில்லை. நம் தெருப்பெயரையே காட்டுகிறோம்.

சாலை என்றால் இங்கே ரோடு இல்லை. தங்கி, உண்டு, படிக்கும் இடம். பழம்பெரும் கல்விக்கூடமான காந்தளூர்ச் சாலை இதுதான் என்று மார்தட்டுகிறோமே, அதை முன்மாதிரியாக வைத்து 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை அமைத்தான். அந்தப் பெயரில் வாழும் நாமா தங்க இடம் மறுப்பது?

வாடகை எவ்வளவு, தண்ணீர் எப்போது வரும், கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று மற்றவர்களிடம் சொல்வதையே திருநரிடமும் சொல்லுங்கள். நவராத்திரிக்குக் கொலு பார்க்கவும் கூப்பிடுங்கள். ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனில் யாராவது ஆட்சேபித்தால் ஆளனுப்புங்கள், நாங்கள் வந்து பேசுகிறோம்.

இப்படிக்கு,
வலியசாலைவாசிகள் சிலர்