இன்ஜினியர் கையில் சீமாறு



துடியலூர் பஸ் ஸ்டாப் டீக்கடையில் நம்ம தெருப் பையன் கேட்டான்: “ஏனுங்ண்ணா, மெக்கானிக்கல் முடிச்சு ரெண்டு வருசமாச்சு. பம்பு கம்பெனில ட்ரெயினின்னு பத்தாயிரந்தான் தர்றாங்க. கார்ப்பரேசன்ல கூட்டற வேலைக்கு ஆள் எடுத்தா எழுதிப் போடட்டுங்களா?”

அவன் அம்மா பதினொரு வருசமாக ஒப்பந்தத்தில் குப்பை அள்ளுகிறவர்.

எனக்கு 2019 நவம்பர் ஞாபகம் வந்தது. கோவை மாநகராட்சியில் 549 துப்புரவுப் பணியிடங்கள். விண்ணப்பித்தவர்கள் 7,000 பேர். பத்தாம் வகுப்பு போதும் என்ற வேலைக்கு இன்ஜினியர்களும் முதுகலைக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். தொடக்கச் சம்பளம் 15,700 ரூபாய். பட்டதாரி சீமாறு பிடிப்பதா என்று ஊரே உச்சுக்கொட்டியது. அப்படியானால் பிடிக்க வேண்டியவன் யாராம்? அதே வரிசையில் பத்து வருசம் ஒப்பந்தத்தில் அள்ளியவர்களும் நின்றார்கள். அவர்களுக்காக யாரும் உச்சுக்கொட்டவில்லை. அந்த நிரந்தர வேலை முதலில் அவர்களுக்குச் சேர வேண்டியது.

இன்ஜினியரிங் படித்தவன் வேறு வேலைக்குப் போவது கேவலமில்லை. வங்கியில் என் பக்கத்து நாற்காலிக்காரர் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர், நான் பி.ஏ. நோட்டு எண்ண ரெண்டு பேருக்கும் ஒரே மெசின்தான். (சேர்ந்த வாரம் “கோட்டாவா?” என்று என்னை மட்டுந்தான் கேட்டார்கள்.) அவர் வந்தால் அது ‘மாற்றுப் பாதை.’ நம்ம பிள்ளைக்கு மட்டும் எந்தக் கேள்வியும் கேட்காமல் திறந்து கிடக்கிற கதவு ஒன்றே ஒன்று. தாத்தன் நுழைந்த அதே கதவு.

ஆகவே பையனிடம் சொன்னேன். வங்கி கிளார்க் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். குரூப் 2-க்கும் அப்படியே. குரூப் 4-க்குப் பத்தாவதே போதும், அதில் வி.ஏ.ஓ. வேலையும் உண்டு. மாநில அரசுப் பணிகளில் 2009 சட்டப்படி அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வங்கித் தேர்வில் இந்த உள்ஒதுக்கீடு கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமலே நம்ம பிள்ளைகள் எத்தனை பேர் விண்ணப்பம் நிரப்புகிறார்கள்!

அன்று சாயங்காலம் அவன் அம்மா வந்தார். “அவனும் இதுக்கே வந்தான்னா, நான் எதுக்குத் தம்பி இத்தன வருசம் அள்ளுனேன்?”

என்னிடம் பதிலில்லை.

வருகிற ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் கவிதை வேண்டாம். குரூப் 4 பழைய வினாத்தாள்களோடு வருகிறேன். சாதிச் சான்றிதழில் ‘அருந்ததியர்’ என்று சரியாகப் போட்டிருக்கிறதா எனப் பார்த்து எடுத்து வாருங்கள்.