முதலில் ஸ்டூல்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வசிக்கும் என் அக்கா மகளுக்கு வயது 13. பள்ளி இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறாள். சென்ற முறை போயிருந்தபோது, "இனிமே வாசிக்க மாட்டேன் மாமா. எனக்கு அது வராது" என்றாள். ஒரு பாட்டு முடிவதற்குள் தோள் இறுகிவிடுகிறதாம், இடுப்பு வலிக்கிறதாம். "அப்பவே வீணையில சேருன்னு சொன்னேன்" என்றார் என் அம்மா, வழக்கில் ஜெயித்தவரின் திருப்தியோடு.

பார்க் ஸ்ட்ரீட் உணவகங்களில் இசைக்குழுக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் டிரம்ஸ் வாசித்த முதியவர் ஒருவர் அதே தெருவில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் எங்களோடு பள்ளியின் இசை அறைக்கு வந்தார். குச்சியைத் தொடவில்லை. அவளை உட்காரச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். இதற்குமுன் வாசித்தது யார் என்று கேட்டார். பன்னிரண்டாம் வகுப்புப் பையன், ஆறடி உயரம். அவன் வைத்துவிட்டுப் போன அளவிலேயே எல்லாம் இருந்தன. மூன்று மாதமாக அவனுடைய கை, கால் நீளத்துக்கு இவள் எட்டி எட்டி வாசித்திருக்கிறாள்.

அவர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஸ்டூலை மட்டும் போட்டார். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்கும்படி திருகினார். பாதங்களை இயல்பாக வைக்கச் சொன்னார். வலது பாதம் விழுந்த இடத்தில் பெரிய டிரம்மின் பெடல், இடது பாதம் விழுந்த இடத்தில் ஹை-ஹாட்டின் பெடல். இரண்டுக்கும் நடுவே ஸ்நேர் டிரம், குச்சி இறங்கும்போது கை தொடையில் இடிக்காத உயரத்தில். டாம்கள் அவள் பக்கம் லேசாகச் சாய்ந்தன. சிம்பல்கள் கடைசியில், தோளைத் தூக்காமல் எட்டும் தூரத்துக்கு வந்தன. ஸ்டாண்டுகளின் கால்கள் நின்ற இடங்களில் கம்பளத்தின் மேல் சிவப்பு நாடா ஒட்டினார். அடுத்து வாசிப்பவருக்கு மஞ்சள் நாடா ஒட்டிக்கொள்ளலாம். மொத்தச் செலவு இரண்டு சுருள் நாடா. பிடித்த நேரம் அரை மணி.

கொல்கத்தாவில் இது புதிய பாடமே அல்ல. தபலாக் கலைஞர் மேடையில் உட்கார்ந்ததும் அடியிலுள்ள துணிச் சும்மாட்டை நகர்த்தித் தபலாவைத் தனக்கு வாகாகச் சாய்த்துக்கொண்ட பிறகே வாசிக்கிறார். டிரம்ஸ் என்றால் மட்டும் அது கடையிலிருந்து வந்த இயந்திரம், மாற்றக் கூடாது என்று நினைத்துவிடுகிறோம்.

உண்மையில் டிரம்ஸ் செட் பிறந்ததே மனித வசதிக்காகத்தான். பழைய பேண்டுகளில் பெரிய டிரம்முக்கு ஓர் ஆள், சின்ன டிரம்முக்கு இன்னோர் ஆள். சிகாகோவில் வில்லியம் லுட்விக் 1909இல் உருவாக்கிய வேகமான பெடல் போன்றவைதான் ஒரே ஆள் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் வாசிக்க வழிசெய்தன. பிரிட்டனின் டெஃப் லெப்பர்ட் குழுவைச் சேர்ந்த ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று நடந்த கார் விபத்தில் இடது கையை இழந்தார். இடது கையின் வேலையை இடது காலுக்குக் கொடுக்கும் மின்னணு பெடல்களோடு ஒரு செட் தயாரானது. 1986 ஆகஸ்டில் டோனிங்டன் விழா மேடையில் அவர் வாசித்தார். அவருக்கு வளைந்துகொடுத்த வாத்தியம் ஒரு பள்ளி மாணவிக்கு வளையாதா?

வலித்தால்தான் வித்தை வரும் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். பயிற்சியில் வரும் களைப்பு வேறு, தப்பான உயரத்தில் உட்காருவதால் வரும் வலி வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஆளில்லாததால், ஸ்டூலின் குறையைத் தங்கள் குறையாக எடுத்துக்கொண்டு விலகிய பிள்ளைகள் எத்தனை பேரோ. தில்லி திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், இருபது வருட மொழிபெயர்ப்பில் இறுகிய என் தோளுக்காக நாற்காலியை இரண்டு அங்குலம் உயர்த்தியது.

கிளம்பும்போது அந்த முதியவர் அவள் கையில் காதடைப்பான் டப்பா ஒன்றைக் கொடுத்தார். டிரம்ஸ் சத்தம் காதைக் கெடுக்கும், இது இல்லாமல் வாசிக்காதே என்றார். அவள் நன்றி சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது முறை உரக்கச் சொன்னாள்.