கேரித் தீவுக்கு விரைவு இணையம்: யாரிடம் கேட்பது?

செமஸ்டர் விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவர்களில் இரண்டு வகை உண்டு. வீட்டுக்குப் போனதும் மடிக்கணினியைத் திறந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்பவர்கள் ஒரு வகை. கிளம்புவதற்கு முதல் நாளே நூலகத்தில் உட்கார்ந்து, வேண்டிய கட்டுரைகளையெல்லாம் இறக்கி விரலியில் நிரப்பிக்கொண்டு பேருந்து ஏறுபவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினரின் முகவரியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு தோட்டத்தின் பெயர் வரும்.

கேரித் தீவையே எடுத்துக்கொள்வோம். கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே, லங்காட் ஆறு நிலப்பரப்பிலிருந்து பிரித்து வைத்திருக்கும் தீவு. எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் துரையின் பெயரைத் தாங்கியது. முன்பு ரப்பர், இன்று கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனை. தெலுக் பங்லிமா காராங் பக்கத்துப் பாலத்தைத் தாண்டினால் உள்ளே தோட்டங்கள், தமிழ்ப்பள்ளிகள், மாமேரிப் பூர்வகுடியினரின் கிராமங்கள். தீவின் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கோல்டன் ஹோப் 2007-இல் சைம் டார்பியோடு இணைந்தது. சைம் டார்பி பிளாண்டேஷன் 2024-இல் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாறியது. அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையமும் இந்தத் தீவில்தான் இருக்கிறது. 2009-இல் செம்பனையின் மரபணுத் தொகுதியைப் படித்துவிட்டதாக உலகத்துக்கு அறிவித்த நிறுவனம் அது. ஆகவே தீவைப் பின்தங்கிய காடு என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

சைபர்ஜெயா இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் முப்பது கிலோமீட்டர். 1996-இல் பல்லூடகப் பெருவழி தொடங்கியபோது அந்தப் பக்கமும் தோட்டக்காடுதான். பிராங் புசார் முதலிய தோட்டங்கள் இருந்த நிலத்தில்தான் புத்ராஜெயா எழுந்தது. அங்கே வாழ்ந்த தோட்டக் குடும்பங்கள் டிங்கிலுக்குப் போனார்கள். கண்ணாடி இழை அதற்குப் பிறகு வந்தது. தோட்டத்துக்கு நல்ல இணையம் வர வேண்டுமென்றால் முதலில் தோட்டக்காரன் வெளியேற வேண்டும் போலிருக்கிறது!

இனி விஷயத்துக்கு வருவோம். தொலைபேசி நிலையத்திலிருந்து தூரத்தில் இருக்கும் வீட்டில் இணையம் ஏன் மெதுவாக இருக்கிறது? ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் இந்தக் கேள்விக்கு நம் பெற்றோர் கண்ட பதில், இன்னும் பெரிய தொகுப்புக்கு மாறுவது. மாதக் கட்டணம் ஏறியது, வேகம் ஏறவில்லை. காரணம் செம்புக் கம்பியின் குணம். மனிதக் குரலுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும். அதே கம்பியில் இணையத்தை ஓட்ட ஏ.டி.எஸ்.எல். 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகளைப் பயன்படுத்தியது. அலை உயர உயரக் கம்பியில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அரை மில்லிமீட்டர் கம்பியில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 14 டெசிபல் இழப்பு என்பது பொதுவான கணக்கு. நான்கு கிலோமீட்டர் போனால் 55-ஐத் தொடும். 60-ஐத் தாண்டினால் இணைப்பு நிற்பதே அதிசயம். பின்னால் வந்த ஏ.டி.எஸ்.எல். 2+ என்ற முறை 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போய் 24 மெகாபிட் தருவதாகச் சொன்னது. அதன் பலன் நிலையத்துக்கு அருகில் இருந்தவனுக்கு. மூன்று நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவனை அந்த உயர்ந்த அலைகள் எட்டவே இல்லை. நிலையம் பாலத்துக்கு அப்பால் இருந்தாலும் இப்பால் இருந்தாலும், தோட்டங்கள் சிதறிக் கிடக்கும் ஒரு தீவில் யாரோ ஒருவருடைய வீடு கடைசிக் கம்பத்தில்தான் இருக்கும்.

வீட்டுக்குள் செய்யக்கூடியவை சில உண்டு. மோடத்தை முதன்மைப் பொருத்தியிலேயே மாட்டுவது, ஒவ்வொரு தொலைபேசிக்கும் வடிகட்டி போடுவது, வீடு முழுக்க இழுத்துவிட்ட பழைய உபரிக் கம்பிகளைக் கழற்றுவது, ஈரம் ஏறிய இணைப்பை மாற்றச் சொல்வது. இவை இரைச்சலைக் குறைக்கும். அறுந்து அறுந்து வந்த இணைப்பு நிலைக்கும். ஆனால் இவற்றில் எதுவும் கம்பியின் நீளத்தில் ஒரு முழம் கூடக் குறைக்காது. வேகம் வேண்டுமென்றால் நிலையமே நம்மை நோக்கி நடந்து வர வேண்டும். அதாவது கண்ணாடி இழை தோட்டம் வரை வர வேண்டும். 2010 மார்ச்சில் யூனிஃபை தொடங்கியபோது பங்சாருக்கும் சுபாங் ஜெயாவுக்கும் நடந்தது அதுதான். இழையில் ஒளி பல கிலோமீட்டர் போனாலும் இந்தத் தேய்மானம் இல்லை. தூரம் என்ற சாக்கு அங்கே செல்லாது.

கம்பியில்லா வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கூரைக்கு மேலே அலைவாங்கி பொருத்திய 4ஜி கருவி, கம்பியைவிடப் பல வீடுகளில் நன்றாகவே உழைக்கும். ஒரு கோபுரத்தை எல்லாரும் பங்கு போடும் இரவு எட்டு மணி வரை. ஸ்டார்லிங்க் 2023-இல் மலேசியாவுக்கு வந்தபோது மாதம் 220 ரிங்கிட், கருவிக்கு 2,300 ரிங்கிட். அந்த ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட். கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது விரலி மாணவர்களின் தந்திரம் ஒரே நாளில் செல்லாக்காசானது. விரிவுரை, குழு விவாதம், தேர்வு எல்லாமே நேரலை. அந்த ஜூன் மாதம் சபாவின் பித்தாசில் ஒரு மாணவி தேர்வு எழுத மரத்தில் ஏறிய செய்தி நாட்டையே பேசவைத்தது. எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. அதன் பிறகு இணையம் இல்லாமை என்றாலே எல்லார் மனத்திலும் சபா, சரவாக் காடுகள்தான் வந்தன. கோலாலம்பூரிலிருந்து காரில் போய்வரக்கூடிய தொலைவில் உள்ள தோட்டத்து லயத்தை யாரும் நினைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அறிவித்த ஜெண்டேலா திட்டம், மக்கள் வசிக்கும் பகுதிகளில் 4ஜி சேவையை 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்துவதையும், 75 லட்சம் கட்டடங்களை இழை எட்டுவதையும் 2022-க்குள் இலக்காக வைத்தது. பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் சிலாங்கூர் போன்ற மாநிலத்தில் சராசரி எப்போதும் அழகாகத்தான் இருக்கும். தாமான்களின் எண்ணிக்கைக்கு அடியில் நாற்பது வீட்டு லயம் மறைந்துவிடும்.

பணம் இல்லையா என்றால் அதுவும் இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் கணக்கிட்ட நிகர வருவாயில் 6 விழுக்காட்டைச் செலுத்தும் அனைவருக்குமான சேவை நிதி, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. அப்படியானால் தடை எங்கே? நிலத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. தாமானில் சாலை அரசாங்கத்துடையது. தோட்டத்தில் சாலை, ஓரத்து வாய்க்கால், லயம் எல்லாமே நிறுவனத்துடையவை. நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கம்பம் நட முடியாது. வீட்டில் இருப்பவரோ வீட்டுக்காரர் அல்ல; வேலை இருக்கும் வரை குடியிருப்பவர்.

இந்தத் தடையையே நாம் சாதகமாகப் பார்க்கலாம். இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் பி4ஆர்என் என்ற கிராமத்து அமைப்பு இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தங்களுக்கு இழை போடாது என்று தெரிந்ததும், 2011-இல் கிராமத்தாரே கூடி, பங்குப் பணம் திரட்டி, மண்வெட்டி எடுத்துப் பள்ளம் தோண்டி இழை பதித்தார்கள். இழை வயல்கள் வழியே போனது. அதற்காக நில உரிமையாளர்கள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசி இலவசமாக வழி வாங்கினார்கள். அவர்கள் எத்தனை கதவுகளைத் தட்டியிருப்பார்கள்! கேரித் தீவில் தட்ட வேண்டியது ஏறக்குறைய ஒரே கதவு. ஒரே கையெழுத்தில் பல கிலோமீட்டர் வழி திறக்கும்.

நிறுவனம் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் தோட்டக் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் தருவதை முதலாளியின் கடமையாக்கியது. லயத்து வீட்டுக்கு விளக்கு எதற்கு என்று கேட்ட காலமும் இருந்தது. 2019-இல் அதே சட்டம் திருத்தப்பட்டு, தொழிலாளர் தங்குமிட விதிகள் தோட்டத்துக்கு வெளியேயும் விரிந்தன. அந்தத் திருத்தத்தின்போது இணையத்தைப் பற்றி நம் அமைப்புகள் குரல் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த திருத்தம் வரும்போதாவது தண்ணீர், மின்சாரம், இணையம் என்று மூன்றாக எழுதச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2020 மார்ச் முதல் விநாடிக்கு 10 மெகாபிட் இணைப்பைக் கேட்டுப் பெறுவது குடிமகனின் சட்ட உரிமை. செலவுக்கு உச்சவரம்பு உண்டு என்றாலும், கேட்பவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

“தோட்டத்தில் இப்போது நம்மவர் எத்தனை பேர்? வேலை செய்வது வெளிநாட்டவர்தானே” என்று மூத்த மாணவர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. எண்ணிக்கை குறைந்துவிட்டது உண்மை. ஆனால் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள்தாம் நம் பேரவைக்கு அடுத்து வரப்போகிறவர்கள். மேலும் இழை சாதி பார்த்து, இனம் பார்த்துப் போவதில்லை. இரவில் லொம்போக்கில் இருக்கும் மனைவியோடு பேசும் தொழிலாளிக்கும், முகமூடி செதுக்கி விற்கும் மாமேரிச் சிற்பிக்கும் அது உதவும். கேட்பவர்களின் பட்டியலில் அவர்கள் பெயரும் இருந்தால் மனுவின் கனம் கூடும்.

மனுவில் புலம்பல் வேண்டாம். எத்தனை வீடு, எத்தனை மாணவர், மிக அருகில் இழை வந்து நிற்கும் இடம் எது, அங்கிருந்து லயத்துக்கு எத்தனை கிலோமீட்டர், வழியில் ஏற்கெனவே நிற்கும் கம்பங்கள் எத்தனை. ஒரு பக்கம் போதும். ஒரே கடிதத்தைத் தோட்ட நிர்வாகத்துக்கும், ஆணையத்துக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரே நாளில் அனுப்ப வேண்டும். தனித்தனியாக அனுப்பினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். கையெழுத்து வாங்கத் தோட்டத்துக் கோயில் திருவிழாவைவிட நல்ல நாள் இல்லை. பந்திங்குக்கும் கிள்ளானுக்கும் குடிபோனவர்கள்கூட அன்று திரும்பி வந்திருப்பார்கள்.