விளைவிப்பது கேழ்வரகு, தின்பது ரேஷன் அரிசி: இது என்ன நியாயம்?



அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கிற நாளில் போய்ப் பாருங்கள். வரிசையில் நிற்பது டவுன்காரன் மட்டுமா? காட்டில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்த நம்ம ஆட்களும்தான். அதில் நானும் ஒருவன். "உழைக்கிற உடம்புக்கு நோய் வராது" என்று மேடையில் பேசியவனுக்கே 48 வயதில் சர்க்கரை வந்துவிட்டது!

நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. களை எடுக்கும்போது தலை சுற்றி வரப்பில் உட்காருகிற பெண்ணைச் சோம்பேறி என்கிறோமே, அது சோம்பல் அல்ல தோழர்களே, சோகை!

இந்த நிலை எப்படி வந்தது?

1965ல் இந்திய உணவுக் கழகம் தொடங்கியபோது முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தார்கள். நெல்லையும் கோதுமையையும் வாங்கினார்கள், ரேஷனில் கொடுத்தார்கள். பசி அடங்கியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். 2011 முதல் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் எங்க ஊரில் பல வீட்டில் அடுப்பு எரியாது.

ஆனால் நெல்லை வாங்க ஆள் வைத்த அரசு, சாமைக்கும் கேழ்வரகுக்கும் அப்படி வைத்ததா? மானாவாரிக்காரன் வியாபாரி சொன்ன விலைக்குத் தானியத்தைப் போட்டுவிட்டு, ரேஷன் அரிசிப் பையோடு வீடு திரும்பினான். 2025-26க்குக் கேழ்வரகு ஆதரவு விலை குவிண்டால் 4,886 ரூபாய். பக்கத்தில் கொள்முதல் நிலையம் இல்லாதவனுக்கு அது வெறும் காகித விலை! சாமை, வரகு, தினை, குதிரைவாலிக்கு மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் இடமே தரவில்லை. நம்மிடம் மூட்டையாகப் போன சாமை, டவுனில் பாக்கெட்டாகி 'பாரம்பரிய உணவு' என்று பணக்காரன் தட்டுக்குப் போகிறது.

நம்ம தப்பும் இருக்கிறது, மழுப்ப வேண்டாம். விருந்தாளி வந்தால் களிச் சட்டியை ஒளிக்கிறோம். கொல்லையில் நிற்கிற முருங்கைக் கீரையை ஆடு தின்கிறது, பிள்ளை பிஸ்கட் தின்கிறது. ஆனால் பெண்களைப் பார்த்து "சாமைச் சோறு ஆக்கு" என்று புத்தி சொல்கிற ஆம்பளைகள் ஒரு நாள் உலக்கையைப் பிடித்துப் பாருங்கள். நம்ம அம்மாக்கள் அந்தப் பாடு பட்டுக் கை காய்த்துப் போனதாலும்தான் சாமை வீட்டை விட்டுப் போனது. அதனால்தான் உமி நீக்கும் இயந்திரம் கேட்கிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கேழ்வரகு மந்திர மருந்து அல்ல. களியிலும் மாவுச்சத்து உண்டு. உருண்டை உருண்டையாக உள்ளே தள்ளினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். டாக்டரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். கம்பில் இரும்புச்சத்து அரிசியைவிடப் பல மடங்கு. களியை அளவாக வைத்துக்கொண்டு, கீரைக் கடைசல், கொள்ளு, அவரையைக் கூட்டிச் சாப்பிட வேண்டும். இது வந்த நோயை விரட்டும் என்று சொல்லவில்லை. வளர்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

முடியாத காரியமா இது? 2023ல் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்களே! 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அரிசி, கோதுமையோடு சிறுதானியமும் சேர்ந்தே இருக்கிறது. சட்டம் இருக்கிறது, விளைவிக்க நாம் இருக்கிறோம். இல்லாதது அரசுக்கு மனசு!

நமது கோரிக்கைகள்:

1. விரும்புகிற குடும்பங்களுக்கு 38 மாவட்ட ரேஷன் கடைகளிலும் அரிசியோடு கேழ்வரகு, கம்பு வழங்கு! அரிசியை நிறுத்தாதே!

2. அதை விவசாயியிடம் நேரடியாக வாங்கு! மானாவாரி வட்டாரங்களில் அறுவடைக்கு முன்பே கொள்முதல் நிலையம் திற!

3. சாமை, வரகு, தினை, குதிரைவாலிக்கு ஆதரவு விலை அறிவி!

4. ஒன்றியத்துக்கு ஒரு உமி நீக்கும் இயந்திரம் கொடு! மகளிர் குழுவிடம் ஒப்படை!

5. சத்துணவிலும் அங்கன்வாடியிலும் வாரம் இரண்டு நாள் சிறுதானியம் போடு!

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர், ஆளுக்கு ஒரு படி கேழ்வரகோடு வாருங்கள். மனுவோடு சேர்த்து அதிகாரிகள் மேசையில் கொட்டுவோம். வாங்குகிறீர்களா இல்லையா என்று நேராகக் கேட்போம். தாய்மார்கள் முன்வரிசையில் நில்லுங்கள். சோகையும் உலக்கையும் உங்களுக்குத்தான் தெரியும்.

விளைவித்தவன் வயிற்றுக்கு முதல் உரிமை!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இப்படிக்கு,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்