ஃபார்மட் பண்ணிடலாம் சார்!

"ஃபார்மட் பண்ணிடலாம் சார்." கம்ப்யூட்டர் கடையில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வைத்தியம் இது. நான் இதை எதிர்க்கிறேன்.

போன மாதம் நடந்த தவறு என்னுடையதுதான். என் கணினியில் இருப்பது டெபியன் லினக்ஸ். 2011 முதல் அரசு நம் பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்ததே, அதற்கு மூலம் இந்த டெபியன்தான். இடம் மிச்சமாகட்டும் என்று பைத்தானை நீக்கச் சொன்னேன். அதை நம்பியிருக்கும் மற்றவையும் போய்விடும் என்று நீண்ட பட்டியல் காட்டி, சம்மதமா என்று கேட்டது. படிக்காமல் 'ஒய்' தட்டினேன். முப்பது வருஷம் கோப்பில் குறிப்பு எழுதியவன், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்! மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.

கடைத் தம்பி பார்த்ததும் அதே வாக்கியம். உள்ளே, மறைந்த என் மனைவியின் படங்கள் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. பேசாமல் கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அலுவலகத்தில் ஒரு கோப்பு காணாமல் போனால் கட்டடத்தையா இடிப்போம்? தன்பதிவேட்டைப் புரட்டி, எது எங்கே போனது என்று பார்த்துச் சேர்ப்போம். லினக்ஸும் நல்ல குமாஸ்தாதான். எந்த நாள், எந்த நேரம், என்ன கட்டளை, எவை நீக்கப்பட்டன என்று 'ஹிஸ்டரி.லாக்' என்ற கோப்பில் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது. கறுப்புத் திரையிலேயே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்தேன். இணைய வயரைச் செருகி, பட்டியலில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக மறுபடி நிறுவினேன். இரண்டு மணி நேரத்தில் பழைய திரை வந்தது. படங்கள் இருந்த 'ஹோம்' பகுதி தொடப்படவே இல்லை.

தம்பிக்கு நேரமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணினி எழவே மறுத்தாலும், பென் டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை எழுப்பி உள்ளதைப் பிரதி எடுக்கலாமே! "உள்ளே முக்கியமானது ஏதாவது இருக்கா?" என்று கேட்க அரை நிமிஷம் போதும். அதைக்கூடக் கேட்காதவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்.

நம் மலைக்கு 365 படி. முந்நூறாவது படியில் கால் இடறினால் அடிவாரத்துக்கு இறங்கி மறுபடியா ஏறுகிறோம்? வேட்டியைத் தட்டிக்கொண்டு அங்கிருந்துதானே ஏறுகிறோம்!

படங்களுக்கு இப்போது இரண்டு பிரதி எடுத்து வைத்துவிட்டேன். நீங்களும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.