லினக்ஸ் இலவசம், கைபிடித்துக் காட்ட ஆள் எங்கே?

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே வல்லம் வடகால் என்று ஓர் ஊர் இருக்கிறது. முன்பு ஏரிப் பாசனமும் நெல்வயலுமாக இருந்த பூமி. இன்று அங்கே "சிப்காட்" தொழிற்பேட்டை. ஒரு பக்கம் "ராயல் என்பீல்டு" மோட்டார் சைக்கிள் தயாராகிறது. இன்னொரு பக்கம் வரிசை வரிசையாக மாடிக் கட்டிடங்கள். பெண் தொழிலாளர்கள் தங்குவதற்காகச் "சிப்காட்" கட்டிய விடுதி அது. 2024 ஆகஸ்டு 17-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் திறந்து வைத்தார். செலவு சுமார் 706 கோடி ரூபாய். 18,720 பேர் தங்கலாம்!

இந்த வட்டாரத்தில் செல்போன் தயாராகிறது. கம்ப்யூட்டர் தயாராகிறது. "நோக்கியா" 2006-ல் இங்கே வந்தது. 2014-ல் மூடிவிட்டுப் போனது. "டெல்" கம்பெனி 2007-ல் கம்ப்யூட்டர் தொழிற்சாலை தொடங்கியது. இன்று "பாக்ஸ்கான்" தொழிற்சாலையில் "ஐபோன்" பூட்டுகிறார்கள். உலகத்துக்கே யந்திரம் செய்து அனுப்புகிற கைகள் இங்கே இருக்கின்றன.

அந்தக் கைகளுக்குச் சொந்தமான கம்ப்யூட்டர் என்ன நிலையில் இருக்கிறது? அதுதான் கேள்வி.

பரண் மேல் லேப்டாப்

தென் மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பிளஸ்-2 படித்தபோது சர்க்கார் கொடுத்த லேப்டாப் ஒன்று அவளிடம் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் திரை விழிக்க ஐந்து நிமிடம் ஆகிறது. ஒரு கடிதம் அடிப்பதற்குள் ஷிப்டுக்குப் பஸ் வந்துவிடுகிறது. கடைக்காரரிடம் கொண்டு போனால், "பழசு அம்மா, புதிதாக வாங்கிவிடு" என்கிறார். புதியது வாங்க இரண்டு மாதச் சம்பளம் வேண்டும். லேப்டாப் பெட்டிக்குள் போய்விடுகிறது.

இப்படிப்பட்ட வீடுகள் தமிழ்நாட்டில் ஒன்றல்ல, இரண்டல்ல. இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ந் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது. முதல்-அமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அதன் பிறகு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ-மாணவிகள் லேப்டாப் பெற்றார்கள்.

இந்த நிலையில் இன்னொரு இடி விழுந்தது. "விண்டோஸ் 10"-க்குக் கொடுத்துவந்த இலவச ஆதரவை "மைக்ரோசாப்ட்" கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு பொதுவாக நிறுத்திக்கொண்டது. "விண்டோஸ் 11"-க்கு மாறலாமே என்றால், அதற்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகம் வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய லேப்டாப்களில் பெரும்பாலானவை இந்தப் பரீட்சையில் தேறுவதில்லை.

யந்திரம் கெடவில்லை. விசைப்பலகை வேலை செய்கிறது. திரை ஒளிர்கிறது. ஆனாலும் "செத்தது" என்று சீட்டுக் கொடுத்தாகிவிட்டது.

லினக்ஸ் என்றால் என்ன?

இங்கேதான் லினக்ஸ் வருகிறது. கம்ப்யூட்டரை இயக்க விண்டோஸ் ஒரு வழி. லினக்ஸ் இன்னொரு வழி. 1991 ஆகஸ்டில் பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் இதை அறிவித்தார். உலகெங்கும் உள்ள நிபுணர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். காசு கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

"இலவசம் என்றால் மட்டமாக இருக்குமோ?" என்று நினைக்க வேண்டாம். உலகத்தின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இருப்பவை எல்லாம் லினக்சில்தான் ஓடுகின்றன. உங்கள் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு செல்போனுக்கும் அடித்தளம் லினக்ஸ்தான். தெரியாமலே நீங்கள் தினமும் அதைப் பயன்படுத்துகிறீர்கள்!

லினக்சில் பல ரகம் உண்டு. "உபுண்டு", "மிண்ட்", "டெபியன்" எல்லாம் அதன் பிள்ளைகள். நம் நாட்டுச் "சி-டாக்" நிறுவனம் செய்தது "பாஸ்" லினக்ஸ். பழைய யந்திரத்துக்கு ஏற்ற இலேசான மேசைத்திரைகளும் இருக்கின்றன. "எக்ஸ்.எப்.சி.இ." ஒன்று; "எல்.எக்ஸ்.கியூ.டி." மற்றொன்று. மூச்சுத் திணறிக் கிடந்த லேப்டாப் இவற்றைப் போட்டால் எழுந்து நடக்கும்.

கொடுத்தார்கள், சொல்லிக்கொடுக்கவில்லை

ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். 2011-ல் சர்க்கார் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்பிலேயே லினக்ஸ் இருந்தது! விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். திறக்கும்போது எது வேண்டும் என்று திரையே கேட்கும். லட்சக்கணக்கான பிள்ளைகளின் வீட்டுக்குள் லினக்ஸ் நடந்து வந்தது. அதற்கு அங்கே உட்கார இடம் கிடைக்கவில்லை.

ஏன்? பக்கத்தில் ஆள் இல்லை. பாட்டுப் போட எங்கே அழுத்துவது, தமிழில் எப்படி அடிப்பது, இணையத்தை எப்படி இணைப்பது என்று கேட்டால், ஆசிரியருக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. கடைக்காரர் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். எல்லாவற்றையும் அழித்துத் திருட்டு விண்டோஸைப் போட்டார். இதில் அவரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை.

பக்கத்து ராஜ்யத்தைப் பாருங்கள். கேரளத்தில் 2001-ல் "ஐ.டி. அட் ஸ்கூல்" என்ற திட்டம் வந்தது. சில ஆண்டுகளில் பள்ளிக்கூடங்கள் லினக்சுக்கு மாறின. அவர்கள் கம்ப்யூட்டரை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளிக்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கினார்கள். மலையாளத்திலேயே பாடம் எழுதினார்கள். 2017-ல் அந்தத் திட்டம் "கைட்" என்ற நிறுவனமாக வளர்ந்தது. இன்றும் அங்கே பள்ளிப் பிள்ளைகள் லினக்சில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வழி புதியதல்ல. சி.உமாசங்கர் "எல்காட்" நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில் அந்த அலுவலகமே லினக்சுக்கு மாறியது. அலுவலகத்துக்குள் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. வீட்டில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

புதிய ஆளுக்கு எங்கே முட்டுகிறது?

லினக்ஸ் போடுவது கஷ்டம் அல்ல. ஒரு பென் டிரைவ் போதும். அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் திறந்து, பழைய விண்டோஸை அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். இணையம் வருகிறதா, சத்தம் கேட்கிறதா, பிரிண்டர் ஓடுகிறதா என்று சோதிக்கலாம். பிடித்தால் மட்டும் நிரந்தரமாகப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன் போட்டோ, சான்றிதழ், கடிதம் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்கவேண்டும். இதை மறந்தவர்கள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

முட்டுகிற இடங்கள் வேறு.

முதலாவது, தமிழ். 1999-ல் சென்னையில் நடந்த "தமிழ்நெட் 99" மாநாட்டின் பயனாக வந்தது "தமிழ்99" விசைப்பலகை. அது லினக்சில் இருக்கிறது. எங்கே ஒளிந்திருக்கிறது என்றுதான் தெரிவதில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. "பாமினி", "வானவில்" போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதத்தைத் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். லினக்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். எழுத்துருவைச் சேர்த்தால் சரியாகிவிடும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது, "வைபை"யும் பிரிண்டரும். சில யந்திரங்களில் இவை உடனே வேலை செய்யும். சிலவற்றில் டிரைவர் தேடிப் போடவேண்டும். ஜெராக்ஸ் கடைகளில் இருக்கிற சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்சோடு லேசில் ஒத்துப்போவதில்லை.

மூன்றாவது, முகம். விண்டோஸில் பழகிய கண்ணுக்கு எல்லாம் இடம் மாறித் தெரிகிறது. பட்டை கீழே இருக்கவேண்டும். எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும். திரையில் தன் ஊர்க் கோவில் படம் இருக்கவேண்டும். சிலர் இதை அற்ப விஷயம் என்பார்கள். அப்படி இல்லை. வாடகை வீட்டுக்குப் போனதும் சாமி படத்தை மாட்டுகிறோமே, அது போலத்தான் இது. தன் விருப்பப்படி மாற்றிய பிறகுதான் அந்தக் கம்ப்யூட்டர் தன்னுடையது ஆகிறது.

இந்த மூன்றையும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். ஆள் இல்லாவிட்டால் ஒரு மாதம் ஆனாலும் முடியாது.

கேட்கவும் தெரியவேண்டும்

உதவி செய்ய ஆட்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சென்னை லினக்ஸ் பயனாளர் குழு 1998 முதல் இருக்கிறது. பல ஆண்டுகள் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடினார்கள். காஞ்சீபுரத்திலும் ஒரு குழு உண்டு. வல்லம் வடகால் அதே காஞ்சீபுரம் மாவட்டம்தான்! அவர்கள் ஞாயிறு மாலைகளில் இணையம் வழியாகக் கூடிப் பேசி வந்திருக்கிறார்கள். விழுப்புரம் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது. 2012-ல் தொடங்கிய "கணியம்" மின்னிதழ் லினக்சைப் பற்றி எளிய தமிழில் ஏராளமாக எழுதியிருக்கிறது. எல்லாம் தொண்டு. சம்பளம் கிடையாது.

ஆனால் கேட்கிறவர் "என் கம்ப்யூட்டர் ஓடவில்லை" என்று மட்டும் சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்வது போல அது. எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த லினக்ஸ், கடைசியாக என்ன செய்தீர்கள், திரையில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லவேண்டும். செல்போனில் படம் பிடித்துக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

சொல்லித்தருகிறவருக்கும் ஒரு வார்த்தை. "இது கூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டால் வந்தவர் மறுபடி வரமாட்டார்.

இன்னோர் எச்சரிக்கை. இப்போது பலர் செயற்கை அறிவுச் செயலியிடம் கேட்டு, அது சொல்கிற கட்டளையை அப்படியே அடிக்கிறார்கள். சில சமயம் சரியாக இருக்கும். சில சமயம் எல்லாம் அழிந்துபோகும். அர்த்தம் தெரியாத கட்டளையை அடிக்காதீர்கள். முன்பின் தெரியாதவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுவீர்களா?

எல்லோருக்கும் ஏற்றதா?

ஏற்றது என்று சொன்னால் பொய். கணக்கு எழுத "டாலி" வேண்டும் என்பவருக்கு விண்டோஸ்தான் வசதி. வேலை செய்யும் இடத்தில் விண்டோஸ் கேட்டால் அதையும் தெரிந்து வைத்திருக்கவேண்டும். ஆனால் கடிதம் அடிக்க, விண்ணப்பம் போட, பாடம் பார்க்க, கணக்குப் படிவம் பழக, புரோகிராம் கற்க லினக்ஸ் தாராளமாகப் போதும்.

தொழிற்சாலை வேலையில் இருக்கிற பெண்ணுக்கு இது ஏன் முக்கியம்? அந்த வேலை பலருக்கு நிரந்தரம் அல்ல. சில ஆண்டு உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். திரும்பும்போது கையில் என்ன இருக்கும்? சேமித்த பணம் கொஞ்சம் இருக்கும். அதோடு ஒரு தொழில் அறிவும் இருந்தால் அடுத்த படிக்கு ஏறலாம். ஏணி ஏற்கனவே பெட்டிக்குள் கிடக்கிறது. எடுத்து நிறுத்த ஒரு கை வேண்டும்.

செய்யவேண்டியது

கோடிக்கணக்கில் செலவு கேட்கவில்லை. விடுதியில் ஓர் அறை, ஊராட்சி நூலகத்தில் ஒரு மேசை. மாதம் ஒரு ஞாயிறு மாலை. பத்துப் பென் டிரைவ். காஞ்சீபுரம் குழுவைப் போன்ற தொண்டர்களில் இரண்டு பேர். வருகிறவர் பழைய லேப்டாப்போடு வரட்டும். தமிழ் அடிக்கத் தெரிந்து திரும்பட்டும். நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணை அடுத்த மாதம் சொல்லித்தருகிறவராக ஆக்கட்டும். கேரளம் பள்ளிக்கூடத்தில் செய்ததும் இதுதான்.

2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லட் தருவதாகச் சர்க்கார் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் 2011-ன் பாடத்தை மறந்துவிடக்கூடாது. லேப்டாப்பை ஒரே நாளில் கொடுத்துவிடலாம். அதைப் பழக ஒரு மாதமாவது பக்கத்தில் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் திட்டத்தில் இடம் வைக்கவேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய லேப்டாப் இருக்கிறதா? பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன், லினக்ஸ் தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவை காட்டிப் பாருங்கள். உங்களுக்கே லினக்ஸ் தெரியுமா? அப்படியானால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அங்கே ஒரு பிள்ளை காத்துக்கொண்டிருக்கலாம்.